மஞ்சள் இலை விவகாரமாகச் சம்பந்திக்கு எழுதியது

மகா மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அதாவது, அவள் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் வலது முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் நான் குரலைத் தாழ்த்தினால் போதும், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துப் போடவும்.

எடுத்த எடுப்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களுக்கே தெரியாமல் நான் உங்களோடு ஒரு போட்டியில் இருக்கிறேன். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போகிறார்களே, அவர்கள் திரும்பும்வரை பேத்தி சிட்டு யார் வீட்டில் இருப்பாள் என்ற பேச்சு வந்தபோது நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு மறுவாரம் என் மகள் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தாள். இரண்டடி நீளம். அடியில் மண், அதன்மேல் பொடிக்கல், நாலைந்து நீர்ச்செடி, எட்டு சின்ன மீன், மேலே ஒரு விளக்கு. காற்றுக் குழாய், வாயு சிலிண்டர் என்று ஒரு இயந்திரமும் கிடையாது. "அப்பா, இது ரொம்ப சிம்பிளான தொட்டி. லைட்டைப் போட்டு அணைக்கணும், ஒரு சிட்டிகை தீனி போடணும். வேற ஒண்ணுமே பண்ணக்கூடாது. ஆறு வாரம் கழிச்சு வந்து பார்ப்பேன். இலையெல்லாம் பச்சையா இருந்தா சிட்டு உங்க வீட்ல. இல்லேன்னா மாமா வீட்ல. மாமாகிட்ட மூச்சு விடாதீங்க, மனசு கஷ்டப்படுவார்" என்றாள். முப்பத்து நாலு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஊரையே துடைத்து வைத்தவனுக்கு இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்? அன்றைக்கே ஜன்னலோர அறையைக் காலி செய்து சிட்டுவுக்காக வெள்ளையடித்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலை, பல் தேய்த்தபடியே தொட்டிப் பக்கம் வந்தவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றுவிட்டேன். மஞ்சள், சம்பந்தி! ஓர் இலை, நுனியிலிருந்து பாதிவரை மஞ்சள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் உத்தியோகத்தில் மஞ்சள் என்றால் காமாலை, காமாலை என்றால் தெருவே ஆஸ்பத்திரிக்குப் போகும். நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்த என் வீட்டுக்காரி, "ஒரு இலைக்கா இந்தக் கூப்பாடு? நான் மாடிப்படியில விழுந்தப்போகூட நீங்க பேப்பரை மடிச்சு வெச்சுட்டுத்தானே வந்தீங்க!" என்றாள். அழுக்குதான் காரணம், வேறென்ன இருக்க முடியும் என்று ரப்பர் குழாயைப் போட்டு அடியில் கிடந்த கசடு அத்தனையும் உறிஞ்சி எடுத்தேன். தினமும் எடுத்தேன். குழாய்த் தண்ணீர்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, உள்ளேயிருந்து பார்த்தவன். ஆகவே நாங்கள் குடிக்கிற வடிகட்டிய தண்ணீரையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தொட்டிக்கு மாற்றினேன். அடுத்த வாரம் இன்னும் மூன்று இலை மஞ்சள், ஒன்றில் ஊசியால் குத்தினது மாதிரி ஓட்டை. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை எரியவிட்டேன். மஞ்சள் இலைமேல் பாசி பிடித்தது. பாசியைச் சின்னப் பிரஷ்ஷால் இலை இலையாகத் தேய்த்தேன், இரண்டு இலை கையோடு வந்துவிட்டது. இப்போதெல்லாம் என் தலையைக் கண்டாலே எட்டு மீனும் கல்லுக்குப் பின்னால் போய்விடுகின்றன. சர்வீஸில் இருந்தபோது ஓட்டல்காரர்கள்கூட இவ்வளவு வேகமாக ஒளிந்ததில்லை.

போன திங்கட்கிழமை மானத்தை விட்டு, ஒரு மஞ்சள் இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய இலை மஞ்சளா, புது இலையா?" "பழசு." "அடியில கசடு இருக்கா?" "துளிகூட இல்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "என்ன தண்ணி ஊத்துறீங்க?" "வடிகட்டின தண்ணி." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். "ஐயோ சார், செடியைப் பட்டினி போட்டுட்டீங்களே! மீன் கழிவும் மிச்சத் தீனியும்தான் அதுக்குச் சோறு. அதைத் தினம் உறிஞ்சிக் கொட்டிட்டு, சத்தே இல்லாத தண்ணிய ஊத்துனா அது என்ன பண்ணும்? பழைய இலையில இருக்கிறதை உருவிப் புது இலைக்குக் கொடுக்குது. கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும் சார்!"

கொஞ்சம் அழுக்கு இருக்கட்டுமாம். என்னைப் பார்த்து! எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரின் அடியைப் பார்க்காமலே குடித்தேன் என்றால் என் நிலைமையைத் தாங்களே புரிந்துகொள்ளலாம். விளக்கு ஏழு மணி நேரம் போதுமாம். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதுமாம், அதுவும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து மருந்து நெடி போனபிறகு. வேரோரம் ஒரு உர மாத்திரை புதைக்க வேண்டுமாம். மஞ்சளானது இனிமேல் பச்சையாகாது, அதைக் கத்தரித்துவிட்டுப் புது இலையைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருங்கள் என்றார். மூன்று வாரத்துக்கு நான் எங்கே போவேன்? மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்!

அதற்கப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அதே கடை வாசலில் பிளாஸ்டிக் செடிகள் தொங்கின. கலப்படத்துக்காக எத்தனை கடைக்கு சீல் வைத்தவன் நான்! இரண்டை வாங்கிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து நடுவில் ஊன்றிவிட்டேன். என் வீட்டுக்காரி வந்து பார்த்து, "அட, இது மட்டும் எப்படி இவ்ளோ பச்சை?" என்றாள். "புது உரம்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று பிடுங்கிக்கொண்டு மேலே வந்து மல்லாந்து மிதந்தது, அடியில் கடைச் சீட்டு ஒட்டியபடி. அவள் திட்டவில்லை, சம்பந்தி. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் திட்டாமல் விட்டது அன்றைக்குத்தான்.

நீங்கள் வேளாண்மைத் துறையில் இருந்தவர். செடி என்றால் உங்கள் பேச்சைக் கேட்கும். தெரிந்த இடத்தில் நாலு நல்ல நீர்ச்செடி வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வந்துசேரும்படி அனுப்பிவைக்க வேண்டும். எதிராளியிடமே வந்து கை நீட்டுகிறானே என்று சிரிக்க வேண்டாம். வெள்ளையடித்த அறையைப் போனில் சிட்டுவுக்குக் காட்டினேன். "தாத்தா, இது என் ரூமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். குழந்தையிடம் சொன்னது பொய்யாகக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாதத்தில் பத்து நாள் அவளை உங்களிடமே கொண்டுவந்து விடுகிறேன். சத்தியமாக.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரவும், தங்கள் மாடித் தோட்டத்தில் ஓர் இலைகூட நிறம் மாறாதிருக்கவும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா, உங்கள் வீட்டிலும் தொட்டியா! மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்து, என்னிடம் மூச்சு விடக் கூடாது என்றாரா! செடி நன்றாக வளரட்டும் என்று நீங்கள் உரத்தைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, தண்ணீர் பச்சைச் சாயமாகி, உள்ளே செடி இருக்கிறதா என்பதே தெரியவில்லையா! என்னிடம் நாலு செடி கேட்கிறீர்களே, நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடிதத்தோடு உள்ளே ஓடினேன். என் வீட்டுக்காரி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "சிட்டுவுக்கு ஸ்கூலை மாத்த முடியாதுங்க. அவ அவ வீட்லயே இருக்கட்டும், நானும் சம்பந்தியம்மாவும் போய்க் கூட இருக்கோம்னு ரெண்டு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு" என்றாள். "அப்போ போட்டி?" என்றேன். "சும்மா விட்டா ரெண்டு பேரும் நாங்களும் வர்றோம்னு கிளம்பிடுவீங்க. நீங்க குழந்தையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவீங்க, அவர் ஊட்டி ஊட்டியே ஒரு வழி பண்ணிடுவார். உங்க பொண்ணு கொடுத்த யோசனைதான்." "அப்போ நான்?" "உங்களுக்குத்தான் தொட்டி இருக்கே!"

செடி அனுப்ப வேண்டாம். அவள் நாளைக் காலை கிளம்புகிறாள். சம்பந்தி, இந்த வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே திரும்பிச் சம்பந்தியம்மாவை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.