பெருவிரல் எலும்போடு பொருத படலம்

வாழ்க வைரக்கண்ணு! காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், எழுபதுகளின் தொடக்கத்தில், குத்தகை உழவர்களின் குரலாய் முழங்கியவன். மேடைதோறும் மைக் அதிரப் பேசியவன். வலக்காற் பெருவிரல் மூட்டில் புன்னைக்காய் அளவு எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து கிடந்தும் அதைச் செருப்புக்குள் திணித்து நடந்த தீரன்! அவன் வேறு யாருமல்லன்; இதை எழுதும் அடியேனே.

எங்களை நிலத்தைவிட்டுக் கிளப்பப் பார்த்த பண்ணையை எதிர்த்து, சித்திரையில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். முதல் வரிசையில் நான். மூட்டோ பகைவன் எறிந்த வேலென அடிதோறும் குத்திற்று. ஊர்வலத்துக்கு முன்பே அவ்வெலும்பைக் களைந்தெறிவேன் எனச் சூளுரைத்து, டாக்டர் தியாகேசன் முன் சிங்கமெனச் சென்று அமர்ந்தேன்.

"இது முள் எடுக்கிற மாதிரி இல்லைங்க," என்றார் அவர். "எலும்பை வெட்டி நேராக்கணும். ஆறு வாரமாவது காலை அழுத்தி ஊனக் கூடாது. வீக்கம் வடிய மாசக்கணக்காகும். பீடியை விட்டாத்தான் எலும்பு சேரும். வீட்டுல கூடவே ஆள் வேணும். ஊர்வலம் முடிஞ்சு வாங்களேன்."

"வெயிலில் வெந்த உடம்பு, டாக்டர்! பத்தே நாளில் படை நடத்துவேன்!" என்று பிரகடனம் செய்தேன்.

உடன் வந்திருந்த என் மனைவி அம்சவல்லி, "இவருக்கு நாக்குலயும் ஏதாவது செய்ய முடியுங்களா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்தது. மயக்க மருந்தின் மாயப்படை பின்வாங்கியதும், வலியென்னும் நால்வகைச் சேனை என் கால்மேல் பாளையமிறங்கியது. கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் போவதே திக்விஜயமாயிற்று. அம்சவல்லியின் தோளே தேராயிற்று.

ஊர்வல நாளும் வந்தது. பறையொலி விண்ணைப் பிளக்க, விளைந்த வயலெனக் கொடிகள் அசைய, தோழர்கள் என் வாசலில் திரண்டனர். "இதோ வருகிறேன்!" என்று கொடியேந்தி எழுந்த நான், பாதம் தரையைத் தொட்ட கணத்தில் "அய்யோ அம்மா!" என்றலறிக் கட்டிலில் வீழ்ந்தேன்.

அதுவரை மேடையே ஏறாத அம்சவல்லி, என் கையிலிருந்த கொடியை வாங்கினாள். "நாத்து நட்டது நாங்களும்தானே? வாங்க, போவோம்," என்று முன்னே நடந்தாள். படை அவள் பின்னே ஆற்றுவெள்ளமெனப் புரண்டு சென்றது.

மாலையில் திரும்பினார்கள். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாதென்று உத்தரவாம். அவள் பேசிய பேச்சில் ஆபீசே அதிர்ந்ததாம். பெருமையும் பொறாமையும் என் நெஞ்சக் களத்தில் மதயானைகளாய் மோதிக்கொள்ள, வெற்றித்திருமகளை வாழ்த்துமுகமாகத் தொண்டையைச் செருமினேன்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

மறந்துபோயிருந்தேன்.