எந்தப் பக்கத்து இழை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள், நம் பேத்தி அனைவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் வழக்கமான அளவோடு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். பேத்தியின் பரிசோதனை என்ன ஆயிற்று என்று நீங்கள் போனில் கேட்டபோது, "நடந்துகிட்டிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம். போனில் என்றால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

குழந்தையின் காதுக்கான மரபணுவில் இரண்டு இடத்தில் பிசகு இருப்பது உங்களுக்குத் தெரியும். அப்பா கொடுத்த இழையில் ஒன்று, அம்மா கொடுத்த இழையில் ஒன்று என்று இருந்தால் வளர வளரக் காது மந்தமாகிவிடுமாம். இரண்டு பிசகும் ஒரே இழையில் கிடந்தால் மற்ற இழை போதும், பயமில்லையாம். இப்படி ஒரு பக்கத்து இழையில் சேர்ந்து வருவதற்கு ஹாப்லோடைப் என்று டாக்டர் பெயர் சொன்னார். எந்தப் பக்கத்துச் சரக்கு என்பதற்கு இவ்வளவு நீளமான பெயரா என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால், குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. இழையையே முறியாமல் நீளமாகப் படித்து, தாயுடையதோடு ஒப்பிட வேண்டும். எங்கள் வம்சத்தில் காது பழுதென்று யாரும் கிடையாது. உங்கள் அண்ணனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, வாசல் கதவை இடித்தாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

முதல் தடவை, பிரித்தெடுத்த இழையை ஒரு சின்னக் குழாயில் போட்டு, எதிர்க்கட்டிடத்தில் படிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகும்படி லேப் பெண் என் கையில் கொடுத்தார். வேலையாள் வரவில்லை, நானாகத்தான் கேட்டு வாங்கினேன். உள்ளே கஞ்சித் தெளிவு மாதிரி ஏதோ கொழகொழவென்று ஒரு பக்கமாக நின்றது. வாழ்நாள் முழுக்கக் கம்பவுண்டராக இருந்தவன் நான், மருந்து அடியில் தங்கிய புட்டியை யாருக்கும் கொடுத்ததில்லை. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கை தன் பாட்டுக்கு நன்றாகக் குலுக்கிவிட்டது, இழை பொடிப்பொடியாகிவிட்டது, குழந்தைக்கு மறுபடி ஊசி. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் லேப் பூட்டிவிட்டதால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், கெட்டுப்போகக் கூடாதே என்று ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன், அது கல்லாக உறைந்தது, உருகினபோது உள்ளே இழையும் அறுந்து கிடந்தது. மூன்றாவது ஊசிக்கு அந்தப் பஞ்சுக் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். குழந்தை என்னையே பார்த்து அழுதது. எனக்குத் தாங்கவில்லை, சம்பந்தி.

அதற்குப் பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா அதுவே பெரிய உதவி" என்றார் லேப் பெண். உட்கார்ந்தேன். வாய் அகலமான குழலால் மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடுகிறார். கலக்குவது, தட்டுவது எதுவும் கிடையாது, தானாகக் கரையட்டும் என்று மறுநாள்வரை விட்டுவிடுகிறார். எனக்குக் கை நமநமவென்று வந்தது, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். பொழுது போகட்டுமென்று, பிசகு உங்கள் பக்கம்தான் இருக்கும் என்று என் மகளிடம் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "யார் பக்கமா இருந்தா எனக்கென்னப்பா? இவளுக்குக் கேக்குமா, கேக்காதா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றாள். நியாயம்தான். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லையே.

ஆகவே முடிவு எப்படி வந்தாலும் பெரிய மனதோடு ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். நான் அதைக் குத்திக்காட்டமாட்டேன், எப்போதாவது பேச்சு வந்தால் ஒழிய. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை கரை சேரும்வரை கடல் அமைதியாக இருக்க என் ஆசி.

தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டாக்டர் கூப்பிட்டார். பிசகு இரண்டும் ஒரே இழையில். அது என் மகள் கொடுத்தது, அதாவது எங்கள் சரக்கு. உங்கள் மகன் கொடுத்த இழையில் ஒரு கீறல்கூட இல்லை. அது ஒன்றே போதும், பேத்திக்கு நன்றாகக் கேட்கும் என்றார். என் மகள் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். உடனே உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்தது உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லும் உரிமை இனி எனக்கில்லை. உங்கள் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக. புதிதாக எழுத உட்கார்ந்தால் இன்றைய தபால் போய்விடும். ஆகவே படிப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை நன்றாகக் குலுக்கவும். மேலே உள்ளதெல்லாம் துண்டு துண்டாகி, இந்தப் பின்குறிப்பு மட்டும் முழுசாக மிஞ்சட்டும்.