கேட்டில் போனைக் கொடுத்த ஸ்டேட்டஸ் அண்ணாச்சி

சிமெண்ட் இல்லாமல் வீடு கட்டச் சொன்னால்கூடக் கட்டிவிடுவார். போட்டோ எடுக்காமல் ஒரு செங்கல் வைக்கச் சொன்னால் அவருக்குக் கை வராது. சிவகாசி வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் என்றால் செல்போன் இல்லாதவர்கள்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எதையும் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதால் எங்களுக்கு அவர் ஸ்டேட்டஸ் அண்ணாச்சி.

தொழில், கட்டட காண்ட்ராக்ட். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் எனக்கு வேலை. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் வீடு கட்டலாம் என்று இறங்கி, அவரிடம் எஸ்டிமேட் கேட்டேன். அவர் போனை நீட்டினார். அதில் வரிசையாக நாற்பது செப்டிக் டேங்குகள்.

"கட்டி முடிச்ச வீட்டை எவனும் காட்டுவான் தம்பி. மண்ணுக்குள்ள போற வேலையைக் காட்டுறவன் நான் ஒருத்தன்தான்" என்றார். அந்தப் பேச்சில் விழுந்தவன்தான் நான்.

கம்பெனி பெயரும் போன் நம்பரும் போட்ட மஞ்சள் பனியன் ஐந்து வைத்திருந்தார். ஆட்களோ பன்னிரண்டு பேர். போட்டோவுக்கு ஐந்து பேர் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் மணல் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். அடுத்த போட்டோவுக்கு அதே பனியன் வேறு உடம்புக்கு மாறும். சித்தாள் மாரியம்மாள் சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டே கேட்பாள்: "அண்ணாச்சி, வேர்வை நாத்தம் போட்டோல விழாதுல்ல?"

கான்கிரீட் போட்ட அன்று பக்கத்து வீட்டு மாடியில் ஏறி நின்றுகொண்டு, "அப்படியே நில்லுங்கலே, சட்டியத் தலைக்கு மேல தூக்குங்க" என்று கத்தினார்.

"கலவை இறுகுது அண்ணாச்சி" என்று கொத்தனார் கெஞ்சினார்.

"உங்க மூஞ்சிதாம்லே இறுகிக் கெடக்கு. கொஞ்சம் சிரிங்க, விட்டுருதேன்."

என் வீடு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் முன்பே மல்லாங்கிணற்றில் இருக்கும் என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் பிரஸ்ஸில் நான் தலைபோகிற வேலையில் இருக்கும்போது போன் வந்தது. "மாப்ளே, கக்கூஸ் கதவை அடுப்படியப் பாக்க வச்சிருக்கீகளே, யாரையும் கேக்க மாட்டீகளா?" அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் வைத்திருந்தார்கள். மாமியார் சொல்லிக் கதவு இடம் மாறியது, அதுவும் ஸ்டேட்டஸில் வந்தது.

என் வீட்டைத் தவிர அவருக்கு அந்த வருஷம் வேலையே இல்லை. அப்படியிருந்த நேரத்தில்தான் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். வெடிமருந்து வேலை செய்ய ஆறு தனித்தனி ரூம்கள் கட்ட வேண்டும். திறப்பு பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் முடித்தால் பின்னாலேயே பெரிய குடோன் வேலையும் அவருக்குத்தான். "இது கைக்கு வந்துட்டா நான் நிமிந்துருவேன் தம்பி" என்றார். ஆட்களைப் பிரித்து அங்கே கொண்டுபோனார். மாரியம்மாள் மட்டும் வர மறுத்துவிட்டாள். முன்னொரு காலத்தில் அவளும் பட்டாசு வேலை பார்த்தவள். "அந்த கேட்டுக்குள்ள இனி நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டிலேயே பூச்சு வேலையில் நின்றுகொண்டாள்.

முதல் நாளே கம்பெனி கேட்டில் அண்ணாச்சிக்கு இடி விழுந்தது.

"போனு, பீடி, தீப்பெட்டி எல்லாத்தையும் இங்கன வச்சிட்டு உள்ள போங்க" என்றார் வாட்ச்மேன்.

"எனக்குப் பீடிப் பழக்கம் இல்லையே."

"அப்ப போனை மட்டும் வைங்க."

"பீடி வேணும்னா வாங்கியாந்து வைக்கேன். போனை விட்ருங்களேன்."

நடக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் போட்டோ இல்லாமல் அஸ்திவாரம் போட்டார். பத்தே நாளில் ஆள் பாதியாகிவிட்டார். பிறகு ஒருநாள் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்து, காலண்டருக்குச் சாமி படம் வரையும் ஆர்ட்டிஸ்ட் எதிரில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல ஆர்ட்டிஸ்ட் அந்த ரூம்களை வரைந்தார். முப்பது வருஷமாகச் சாமியை மட்டுமே வரைந்த கை. கொத்தனார் கரணையோடு முருகன் களையில் நின்றார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கலவைச் சட்டி சுமக்கிற பெண்கள் எல்லாம் மகாலட்சுமி. அண்ணாச்சி கூசாமல் 'நேரில் கண்டபடி வரையப்பட்டது' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

மாமியார் போனில் கேட்டார்: "மாப்ளே, உங்க காண்ட்ராக்டர் கோயிலும் கட்டுவாரா?"

அந்தப் பெருமையோடு என் வீட்டுக்கு வந்து மாரியம்மாளிடம் படத்தை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். முருகனைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, வாசல்ல என்னது, இம்புட்டு ஒசரமா?"

"வாசப்படிம்மா. கருங்கல்லு. பிளான்ல கிடையாது, நானாத்தான் வச்சேன். படி இல்லாம வாசல் மொட்டையா இருந்துச்சு. முதலாளியே நல்லாருக்குன்னுட்டாரு."

"வீட்டுக்குச் சரி. இது ஓடி வர்ற வாசலு." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க ரூம்ல தீப்பிடிச்ச அன்னைக்கு முதல்ல ஓடுனவ வாசப்படி தடுக்கித்தான் விழுந்தா. அவ மேல நாங்க நாலு பேரு. நான்தான் கடைசியா விழுந்தேன், அதான் இருக்கேன்."

 அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு வாசற்படிகளையும் அவரே சம்மட்டி எடுத்து உடைத்தார். பூஜை நெருங்கிவிட்டது என்று முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். "பூஜையத் தள்ளி வைங்க. இந்தப் படியோட ஒரு ஆளை உள்ள விட மாட்டேன்" என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாராம். தரையை மட்டமாக்கி, கால் வைத்து, ஓடிப் பார்த்து, திரும்பவும் ஓடிப் பார்த்து, ஆறு ரூமையும் முடிக்கக் கூடுதலாக எட்டு நாள் ஆனது. பூஜை தள்ளிப்போனது. குடோன் வேலை வேறொருவருக்குப் போனது.

"வருத்தமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"குடோன் போனாப் போகுது தம்பி. அம்புட்டு மட்டமா நான் ஒரு வாசலும் போட்டதில்ல. ஒரு போட்டோ எடுக்க விட்டானா பாருங்க."

அவரை இத்தனை வருஷம் கேலி செய்தவன் நான்.  அந்த ஆறு வாசலுக்கும் போட்டோ கிடையாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி, இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளுங்கள்.