தன் கருவியை நம்பாத கோணமானி

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி! தெய்வத்தை நம்பாதவர் நாட்டில் பலர் உண்டு. தன் கையிலுள்ள கருவியை நம்பாத அளவையாளர் ஒருவரே உண்டு. நாகர்கோவிலுக்கு மேற்கே இருந்த அந்த ஆஸ்பத்திரி முழுவதும் அவரைக் ‘கோணமானி’ என்றே அழைத்தது. இரு பித்தளைத் தகடுகளை ஓர் ஆணியில் கோத்த கருவியால், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பது அவர் உத்தியோகம்.

நான் அங்குச் சென்ற காரணம் வீரம். திருவிதாங்கூர்த் தமிழர் தாயகத்தோடு இணையவேண்டும் என்று தக்கலை மேடையில் முழங்கிவிட்டு, கைதட்டல் ஓயுமுன் இறங்க எண்ணிப் படியில்லாத பக்கம் இறங்கினேன். இடது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபின், டாக்டர் குறித்த கோணம்வரை பாதம் மேலே மடங்கினால்தான் விடுதலை. பத்மநாபபுரத்து மேடையோ எனக்காகக் காத்திருந்தது. மேடைத் தோழர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டின்மேல் ஆடிச் சாரல் மட்டும் விடாது பேசிற்று.

கோணமானி தினமும் வருவார், எலும்பின்மேல் மசிப்புள்ளி வைப்பார், அளவைச் சொல்வார், உடனே மறுப்பார்.

“நேத்து இதவிடக் கூடுதலு. காலு பொய் சொல்லுதா, தகடு பொய் சொல்லுதா?”

“இது தமிழன் கால், பொய் சொல்லாது!” என்றேன்.

“ஏலே மக்கா, வாய அடக்கு. நீ முழங்கும்போ பெருவிரலும் சேந்து முழங்குது.”

கஞ்சிக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. ஒருநாள் டாக்டரையும் நர்சம்மாவையும் அளக்கவைத்தார். ஒரே கால், மூன்று கோணம்! “இனி ஒரே கைதான் அளக்கணும், அது எனக்க கையி” என்று தீர்ப்பளித்தார்.

பத்மநாபபுரத்துக் கூட்டத்தன்று காலை, பாதம் குறித்த கோணத்துக்குச் சற்றே பின்தங்கியது.

“அண்ணாச்சி, தகட்ட ஒரு நூலளவு தள்ளும். எனக்க மேடை போவுது!”

“தள்ளினா இன்னைக்கு மேடையில நிப்பே, பொறவு எங்கயும் நிக்கமாட்டே, கேட்டியா?”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மாலையில், கூட்டம் தொடங்கும் வேளையில், கருவியின்றி வந்து பெஞ்சில் அமர்ந்தார்.

“எங்கிட்டப் பேசு மக்கா. வீட்டுல சொவரு மட்டுந்தான். அதுக்க பேச்சக் கேட்டு மடுத்துப்போச்சு.”

படுத்தபடியே முழுச் சொற்பொழிவையும் ஆற்றினேன். சபையில் ஒருவர், குறுக்குக் கேள்வி இல்லை.

பின்னொரு காலை, பாதம் குறித்த கோணத்தைத் தொட்டது. அவர் நம்பவில்லை. மீண்டும் அளந்தார், மீண்டும் அளந்தார். அதே விடை.

“சவத்துத் தகடு! இன்னைக்குத்தானா இது ஒத்துப்போவணும்?”

மூட்டையைக் கட்டினேன். வாசலில் வண்டி நின்றது. ஏறுமுன் திரும்பி, வார்டு முழுவதும் கேட்கச் சொன்னேன்:

“ஞாயித்துக்கிழமதோறும் வாறேன், அண்ணாச்சி. எனக்க வலது கால நீரு இன்னும் அளக்கவே இல்லையே!”