ஒரு டேங்க் ஞானி

மனிதர்களில் ஒரு டேங்க் ஞானி என்றொரு இனம் உண்டு. எந்தப் புதுப் பொருளையும் ஒரே ஒரு முறை வாங்கிப் பார்ப்பார். அது தீர்வதற்குள் அதற்குத் தூதராகிவிடுவார். அதே பொருளைப் பத்து வருஷம் பயன்படுத்தியவன் வாயைத் திறக்கமாட்டான். பத்து வருஷம் ஆராய்ந்தவன், "உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்று இழுப்பான். நம்மவருக்கு மட்டும் துளிச் சந்தேகம் கிடையாது. எப்படி இருக்கும்? அவர்தான் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டாரே!

லியோனல் பெட்டன்கோர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் டர்லாக் பக்கம் பால்பண்ணைக்காரர். தாத்தா போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர். லியோனலிடம் இருநூறு மாடுகளும், ஒரு மனைவியும், ஒரு மகளும், பெருமூச்சு விட்டால் கரி கக்குகிற ஒரு பழைய பிக்கப் வண்டியும் உண்டு. அந்தக் கரிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஜூன் மாதத் திருவிழாவில் ஊரே ஒரு பெண்ணை ராணியாக்கி, கிரீடம் வைத்து, தரையில் புரளும் வெல்வெட் மேலங்கி போர்த்தி, அலங்கார ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விடும். போன வருஷம் அந்த ரதத்தை இழுத்தது லியோனலின் பிக்கப். மாதா கோயில் மேட்டில் அவர் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார். வெள்ளை மேலங்கியில் ஏறிய ராணி சாம்பல் மேலங்கியில் இறங்கினாள். அந்த ராணி யார் தெரியுமா? ஊர்வலப் பொறுப்பாளர் இடலீனா போர்பாவின் மகள்!

இந்த வருஷ ராணி, லியோனலின் மகள் நட்டாலியா. மேலங்கியை அவர் மனைவி ஓடெட் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்திருந்தாள். ஆனால் இடலீனா கறாராகச் சொல்லிவிட்டாள்: "உங்க அடுப்பு என் ஊர்வலத்துக்கு வேண்டாம் லியோனல். ஓடெட்டோட அண்ணன் ஆர்மாண்ட் இழுக்கட்டும்."

தன் மகளைத் தன் மச்சான் இழுத்துப் போக, தான் நடைபாதையில் நின்று கையாட்டுவதா? அதற்குப் பதில் லியோனல் மண்ணையே தின்றுவிடுவார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். திருவிழாவுக்கு முந்தின நாள் சோதனை: சைலன்சரில் வெள்ளைத் துணி கட்டுவார்கள், கரி படாவிட்டால் ரதம் அவருடையது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாட்டுத்தீவனக் கடையில் ஒருவர் புது டீசலைப் பற்றிச் சொன்னார். நிலத்தடியிலிருந்து எடுப்பது அல்ல. பொரித்து மிஞ்சிய எண்ணெய், மாட்டுக் கொழுப்பு இவற்றிலிருந்து காய்ச்சுவது. புகை குறையுமாம். நாற்பது மைல் தள்ளி ஸ்டாக்டனில் கிடைக்கிறதாம். லியோனல் போனார், ரொப்பினார், ஞானியானார்.

இந்த ஞானம் வந்தவரை எப்படி அடையாளம் காண்பது? முதலில், வண்டியில் ரேடியோ பாடாது. பேசுகிறவர்களைப் பேசவிடாமல் ஒற்றை விரலை உயர்த்துவார். பிறகு கண்களை அரைவாசி மூடி, "வித்தியாசம் தெரியுதா?" என்பார். இதற்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதி. "தெரியல" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த மைல் முழுக்க உங்கள் காதைப் பற்றிக் கவலைப்படுவார். ஓடெட்டுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரியாவிட்டால் இறங்கவிட மாட்டாரே!

முதல் நாள் சத்தம் குறைந்தது. இரண்டாம் நாள் இழுவை கூடியது. மூன்றாம் நாள் இடது முழங்கால் வலி நின்றது. "வண்டி அதிர்றதில்லையே, அதான்" என்று விளக்கமும் தயார். மாடுகள்கூட இப்போது வண்டியைக் கண்டு மிரளுவதில்லையாம்.

எந்த ஞானிக்கும் ஒரு எதிரி வேண்டும் அல்லவா? ஆர்மாண்ட் இருந்தார். ஞானியின் மறுபக்கம் அவர்: ஒரு துளி கூடத் தொட்டுப் பார்க்காமலே அதன் தீமைகள் அத்தனையும் அறிந்தவர்.

"என்ன மச்சான், உன் வண்டி போற பக்கமெல்லாம் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசனை வருது? ஒரு பொட்டலம் குடேன்."

"சிரி, சிரி. உன் வண்டி நாத்தம் எங்க வீட்டு ஜன்னலைத் தாண்டி வருது. அந்தப் பாழாப்போன பழைய டீசலை நிறுத்தித் தொலையேன்."

"கூட்டுரோட்டு பங்க்குல இருபது வருஷமா ரொப்புறேன். சுத்தமான சரக்கு. மாட்டைக் கறக்கத்தான்யா எனக்குத் தெரியும், வண்டியில ஊத்தத் தெரியாது."

சோதனை நாளும் வந்தது. திருவிழா மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் லியோனலின் விரல் உயர்ந்தே இருந்தது. "கேளு ஓடெட், பட்டு மாதிரி ஓடுது பார்." ஓடெட் மேலங்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

இடலீனா துணியைக் கட்டினாள். "அழுத்துங்க."

லியோனல் அழுத்தினார். துணியை அவிழ்த்து, எல்லோருக்கும் தெரியும்படி இடலீனா விரித்துக் காட்டினாள். துணி எந்த நிறத்தில் பிறந்தது என்பதற்கு ஓரத்தில் மட்டுமே சாட்சி இருந்தது.

அடுத்து ஆர்மாண்டின் வண்டி. துணி கட்டியபடியே வெள்ளையாக வந்தது. "பழைய டீசல் ஐயா, பழைய டீசல்!" என்று அதைக் கொடி மாதிரி ஆட்டினார் ஆர்மாண்ட்.

லியோனல் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஓடெட் மெதுவாக, "ஒண்ணு சொல்லணும்" என்றாள். "திங்கக்கிழமை மேலங்கி ஓரம் தைக்க நூல் வாங்கப் போனேன்ல, டேங்க் காலியா இருந்துச்சு. கூட்டுரோட்டுல நாந்தான் ரொப்பினேன்."

"அப்படிச் சொல்லு!" லியோனலுக்கு உயிர் வந்தது. "அதான் காலையிலேருந்து டொக்கு டொக்குன்னு அடிச்சிட்டே வந்துச்சு!"

"இப்பத்தானே பட்டுன்னீங்க?"

மண்டபத்து வாசலில் திருவிழா விருந்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த வெர்ன் லிண்ட்குவிஸ்ட் தலை நிமிர்ந்தார். கூட்டுரோட்டு பங்க் அவருடையதுதான். "அடப்பாவிகளா, நாலு வருஷமா என் பங்க்குல அந்தக் கொழுப்பு டீசல்தான் வருது. பம்பு மேலேயே சீட்டு ஒட்டியிருக்கேன். உங்கள்ல எவனாவது படிச்சீங்களா?"

நாலு வருஷம்! ஸ்டாக்டன் போகும்வரை லியோனலும் அங்கேதான் ரொப்பிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் போன வருஷ மேலங்கியில் படிந்த கரியும் புது டீசல் கரிதான். ஸ்டாக்டன் வரை போய் லியோனல் வாங்கி வந்தது, தன் வீட்டு முனையில் தினமும் கிடைத்த அதே சரக்கு.

ஆனால் முகம் வெளுத்துப்போனவர் அவர் மட்டுமல்ல. ஆர்மாண்ட் தன் பிக்கப்பின் மேல் சாய்ந்திருந்தவர், சட்டென்று விலகி நின்றார். "அதானா? அதான் ஜனவரியில ஸ்டார்ட் ஆகல!"

"ஜனவரியில நீ ஹெட்லைட்டை அணைக்காம விட்டுட்டுப் போனே" என்றார் வெர்ன், அடுத்த பூண்டை எடுத்தபடி.

இதற்குள் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு ராணி வந்து லியோனலின் பிக்கப்பின் எஞ்சின் மூடியைத் திறந்திருந்தாள். "அப்பா, ஏர் ஃபில்டரை எப்ப மாத்தினீங்க?"

லியோனல் விரல்விட்டு வருஷங்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே இருந்தார். நட்டாலியா வெளியே உருவியது ஃபில்டரா, கம்பளியா என்று சொல்ல முடியவில்லை. பாதாம் அறுவடைத் தூசி வருஷம் வருஷமாகப் படிந்து கெட்டித்திருந்தது. அதற்கு நடுவில் ஒரு எலி குடித்தனம் நடத்திக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மூச்சு விட வழியில்லாத வண்டி கரி கக்காமல் பன்னீரா தெளிக்கும்?

புது ஃபில்டர் போட்டார்கள். மறு சோதனை. இடலீனா துணியை வெயிலில் பிடித்தாள், முகர்ந்தாள், கடைசியில், "மேட்டுல மெதுவா போங்க" என்றாள்.

திருவிழாவன்று லியோனல் நடை வேகத்தில் ரதத்தை இழுத்துப் போனார். அன்று ஒரு நாள்தான் அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு மேலங்கி தெரிந்துகொண்டே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வெயில்தான் காரணம் என்று பிறகு சொன்னார்.

இதோடு ஞானம் தெளிந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? விருந்துப் பந்தியில் ரொட்டி மேல் இறைச்சிச் சாறு விழுவதற்குள் லியோனல், பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "டீசல்ல ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் ஏர் ஃபில்டர்தான். மாசம் ஒண்ணு மாத்தணும். மாத்தினதுலேருந்து முழங்கால் வலியே இல்ல. வா, உக்காரு, ஒரு சுத்து போவோம். வித்தியாசம் தெரியும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் மரச்செக்கு எண்ணெய்க்கு மாறியது யார்? இரண்டாம் நாளே, "உடம்பு லேசாயிடுச்சு, வித்தியாசம் தெரியுது" என்று அலுவலகத்தில் நாலு பேரை நிறுத்திவைத்துச் சொன்னது யார்? நல்லது, சொல்லிக்கொண்டே இருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் புட்டி முதல் வாரமே தீர்ந்தபோது அதில் மறுபடி எதை ஊற்றினார்கள் என்று மட்டும் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.