களி தொடாத ராசப்பன்

உலகத்தில் உடம்பை வைத்திருக்கிறவர்கள் ஒரு ரகம். உடம்பை வளர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பசித்தால் சாப்பிடுவார்கள், அலுத்தால் படுப்பார்கள், காய்ச்சல் வந்தால் வைத்தியரைத் திட்டுவார்கள். நமக்கு வேண்டியவர்கள் இரண்டாவது ரகத்தார். அவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. இலையில் உட்கார்ந்து, பருப்பை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை உருட்டுகிறீர்களே, அந்த நேரம் பார்த்து அவர்களே வந்து பக்கத்தில் உட்காருவார்கள். உங்கள் கவளத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் உங்கள் வயிற்றைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு பெருமூச்சு. "இதையெல்லாம் நான் தொடறதே இல்லீங்க" என்பார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால் என்ன, சொல்லியாகிவிட்டது!

இந்த இனம் பட்டணத்தில்தான் விளையும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மன் சண்டை மறுபடி மூளுவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி, கொல்லிமலையில், சில ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டில், அருமையான உருப்படி ஒன்று விளைந்தது. பெயர் ராசப்பன். கல்யாண வயசு. அதுவரை மற்றவர்களைப் போல மூன்று வேளையும் களி தின்று, மிளகு பறிக்கக் கொடி ஏறி, யாருக்கும் உபத்திரவம் இல்லாமல் இருந்த பிள்ளை.

தை மாதம் மிளகு விற்க மலையிறங்கிச் சேலம் போன இடத்தில் கெட்டான். அங்கே ஒரு கோதாவில் பயில்வான்கள் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். ராசப்பன் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்ட, அவர்களைப் பழக்கும் வஸ்தாது, "தம்பி, சோறும் களியும் வெறும் மாவு. மாவு தின்றால் உடம்பு மாவாகத்தான் இருக்கும். கறி தின்னு, முட்டை தின்னு, நெய்யைக் குடி, பாரம் தூக்கு. உடம்பு இரும்பாகும்" என்றார். அதற்குமேல் அவர் வேறு என்னென்ன சொன்னாரோ, ராசப்பன் காதில் விழுந்தது இவ்வளவுதான். இந்த ரகத்தாருக்கு இவ்வளவு போதும்.

வீடு வந்தவன் முன்னால் அவன் அம்மா சென்னம்மாள் களி உருண்டையை வைத்தாள். வட்டிலோடு தள்ளினான்.

"ஏஞ்சாமி, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதாம்மா."

இதை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். பட்டணத்தில் ஒருத்தன் சோற்றை விட்டால் அவனுக்கு ஆயிரம் ஓட்டல் இருக்கிறது. கொல்லிமலையில் சாமையையும் தினையையும் கேழ்வரகையும் கழித்துவிட்டால் தின்பதற்கு மிச்சம் என்ன? காற்றுதான். நல்ல காற்றுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் குழம்பு ஊற்றிப் பிசைய முடியாதே! ஆகவே ராசப்பனின் பார்வை கோழிகள்மேல் விழுந்தது. கோழி முட்டையிட்டுக் கொக்கரித்து முடிப்பதற்குள் முட்டை அவன் தொண்டைக்குள் இருக்கும். அடைக்கு வைக்க ஒன்று தப்பவில்லை. முட்டை தீர்ந்ததும் கோழிகளே ஒவ்வொன்றாகக் குறைந்தன. மோர், நெய், வேகவைத்த மொச்சை என்று மற்ற நேரத்தை ஓட்டினான். பலாக் காலம் வந்து மலை முழுக்கப் பழம் மணத்தபோது, அதுவும் மாவுதான் என்று மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நடமாடினான். கேட்டவர்களிடம் சளி என்றான். பாவம்!

உணவு இப்படி என்றால் பயிற்சி? பலாமரத்தில் கர்லாக்கட்டை செதுக்கிச் சுழற்றினான். தண்டால் எடுத்தான், பஸ்கி போட்டான். பாரம் தூக்க வேண்டுமே, அதற்கு வீட்டுக் கல்லுரலைத் தொழுவத்துக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனான். சாமை குத்த வந்த சென்னம்மாள் உலக்கையும் கையுமாக நின்று, "அடேய், உரல் எங்கடா?" என்று கத்துவாள். "இந்தா வாரேம்மா, இன்னுங் கொஞ்சந்தான்" என்று உரலுக்கு அடியிலிருந்து பதில் வரும்.

சரி, இவ்வளவு பலசாலியான மகன் இருக்கிறானே, விறகு யார் கொண்டுவருவது? சென்னம்மாள்தான். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அந்த விறகுக் கட்டைத்தான் தூக்கியாந்தா என்ன கண்ணு? அதும் பாரந்தானே?"

"அம்மா, வேலை வேற, பயிற்சி வேற. வெறகு தூக்கினா ஒரு பக்கமாச் சதை புடிக்கும். உனக்கு அதெல்லாம் புரியாது."

புரியவில்லைதான். எனக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால், உங்களை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன்.

உடம்பு வளர்ந்ததா என்றால், வளர்ந்தது. பொய் சொல்லக் கூடாது. புஜம் திரண்டது. திரண்ட புஜத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளும் ஆளை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? செம்மேட்டுச் சந்தையில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் தலைச்சுமையை இறக்கச் சொல்லி, கையை மடக்கி, "தொட்டுப் பாருங்க" என்பான். தொட்டால் விடமாட்டான். நேற்று என்ன தின்றான், இன்று என்ன தின்னவில்லை, களியால் மனித குலம் எப்படி அழிகிறது என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நகரலாம். ஒரு பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அட, வீங்கிப்போச்சே சாமி! வேப்பெண்ணையைக் காய்ச்சித் தடவு, வடிஞ்சிரும்" என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எடப்புளி நாட்டுச் செங்கோடன் மகள் கண்ணாயி, தினை மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராசப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவனுக்கே சிரிப்பு வந்தது. பத்தியம் தொடங்கியபின் அவன் சிரித்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து உரலைத் தூக்கினான், கீழே வைத்தான், அவள் நினைப்பு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் உரலும் தானுமாக இருந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

தாய்மாமன் கருப்பண்ணன் பெண் கேட்டு ஆள் விட்டார். கண்ணாயி தன் அப்பனிடம், "ஆளு ஒரு மாதிரிதானுங்கப்பா. ஆனாச் சிரிச்சா நல்லாருக்குது. வரச் சொல்லுங்க" என்றாளாம். பெண் பார்க்க நாள் குறித்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டான். அந்த வீட்டில் கை நனைப்பான். அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் அதுவும் முடிந்தது. வேறு பேச்சே கிடையாது. பேசி முடிவு செய்கிற சமவெளிக்காரர்கள் சண்டை போடுகிற அளவுக்கு இங்கே யாரும் சண்டை போடுவதில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கிளம்பும்போது சென்னம்மாள் மகனின் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பத்தியத்தை இன்னைக்கு ஒருநாளு மூட்டை கட்டி வெய்யி சாமி. அந்தப் புள்ளை நல்ல புள்ளை."

"ஒரு வாய் வெச்சுக்கறேம்மா. நானென்ன முட்டாளா?"

இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

அவன் எண்ணியது இதுதான்: யாரும் கவனிக்காத நேரத்தில் ஒரே ஒரு கவளம். வழக்கமும் நிற்கும், விரதமும் பெரிதாகக் கெடாது. நல்ல யோசனைதான். ஆனால் செங்கோடன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பத்துப் பேரைப் பார்த்ததும் கை தானாக மடங்கிவிட்டது. "தொட்டுப் பாருங்க மாமா" என்றான் செங்கோடனிடம். செங்கோடன் மரியாதைக்குத் தொட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. தை மாதத்திலிருந்து தன் வாயில் சோறு, களி என்று ஒரு பருக்கை தவசம் படவில்லை என்றான். தவசம் தின்கிறவன் பலசாலியாக முடியாது என்றான். யார் கெஞ்சினாலும், யார் கொடுத்தாலும், தான் தொடப்போவதில்லை என்றும் சொன்னான். கருப்பண்ணன் பின்னாலிருந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி அவிழ்ந்தாலும் அவிழுமே தவிர இந்த ரகத்தார் பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

இலை போட்டார்கள். அந்த வருஷத்துப் புதுச் சாமை, கண்ணாயியே குத்திப் புடைத்து ஆக்கியது, ஆவி பறக்க மலையாகக் குவிந்தது. பக்கத்தில் கோழிக் குழம்பு. இப்போது யாரும் கவனிக்காத நேரம் எங்கே இருக்கிறது? அத்தனை கண்ணும் ராசப்பன் இலையில்தான். பருக்கையைத் தொடுவானா, மாட்டானா? அவனோ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். அந்த மணம் வயிற்றைப் பிடித்து இழுத்தது. தொட்டால் வாசலில் பேசிய பேச்சு என்ன ஆவது? விரல் சோற்றின் பக்கம் போகும், செங்கோடன் கண்ணைப் பார்க்கும், கோழித்துண்டுக்குத் திரும்பும். இப்படியே கோழி முழுவதும் தீர்ந்தது. சாமை மலை இடிபடாமல் நின்றது. கறி தின்றதும் கை நனைப்புத்தானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, இலையை மடித்தான்.

செங்கோடன் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளைக்கு எங்க சம்பந்தம் வேண்டாம் போலிருக்குதுங்க."

"ஐயோ, வேணுங்க மாமா! கை நனைச்சேனுங்களே! கோழிக்கறி தின்னேனுங்களே!"

"தின்னீங்க. ஆனாக் கோழி எங்களுது இல்லீங்களே. எங்க ஊட்டுக் கோழியைப் போன வாரம் காட்டுப்பூனை கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. இது பக்கத்தூட்டு மாதம்மா குடுத்த சேவலுங்க. எங்களுதுன்னா அந்தச் சாமை ஒண்ணுதான்."

கூட்டத்திலிருந்த மாதம்மாள் இதைக் கேட்டதும் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு முன்னால் வந்தாள். "அப்படீன்னாத் தம்பி எங்க ஊட்டுலதான் கை நனைச்சிருக்குது! எந்தங்கச்சி ராமாயி இருக்கறா. மெரண்ட காளையைக் கொம்பைப் புடிச்சு நிறுத்துவா. தம்பிக்கும் பலசாலிதானே வேணும்? பொருத்தமாப் போச்சு!" என்றாள்.

ஊரே கொல்லென்று சிரித்தது. அவள் விளையாட்டாகச் சொன்னாளோ, வினையாகச் சொன்னாளோ, ராசப்பனுக்கு வியர்த்து ஊற்றியது. கருப்பண்ணனைப் பார்த்தான். "வழக்கம்னா வழக்கந்தானப்பா" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அப்போது கண்ணாயி சோற்றுப் பானையோடு வெளியே வந்தாள். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"யாரும் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கை கொடி ஏறுமா?"

"ஏறினா... சதை ஒரு பக்கமா..."

"வெறகு தூக்குமா?"

"அது வேலைங்க..."

"அப்பறம் எதுக்குத்தான் அந்தக் கை?"

தை மாதத்திலிருந்து யார் என்ன கேட்டாலும் மூச்சுவிடாமல் பதில் சொன்னவன், முதல் தடவையாக விழித்தான். அவள் திரும்பி உள்ளே போகக் கால் எடுத்தாள். அந்த ஒரு அடியில் அவனுக்கு உயிரே போய்விட்டது.

"ஏனுங்க, அந்தப் பானையைக் கொண்டுக்கிட்டுப் போயிராதீங்க!" என்று கத்தினான். "எனக்குப் பசிக்குது. தையிலிருந்து பசிக்குது!"

புது இலை விழுந்தது. முதல் கவளத்தை மானத்தை விட்டுவிட்டுத்தான் எடுத்தான். இரண்டாவது கவளத்துக்கு விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் யார் நிறுத்துவது? அள்ளினான், பிசைந்தான், விழுங்கினான். குழம்பு தீர்ந்ததும் மோரை ஊற்றச் சொன்னான். மோர் தீர்ந்ததும் வெறுஞ்சோற்றைத் தின்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காரம் என்றான். வெறுஞ்சோற்றில் ஏது காரம் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள். பானையைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் கண்ணாயி சிரித்தாள். கல்யாணத்துக்கு மறுநாளே நாள் பார்த்தார்கள்.

ராசப்பன் திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த ரகத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. களி தின்றான், கொடி ஏறினான், கண்ணாயி சொன்னால் விறகும் தூக்கினான். எல்லாம் சரி. ஆனால் கல்யாணம் முடிந்த அடுத்த வாரச் சந்தையிலேயே, ஓர் ஆசாமி முட்டை வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, பெருமூச்சு விட்டு, "முட்டையா? நான் இப்போ தொடறதே இல்லீங்க. புதுச் சாமைதான் ஒடம்புக்கு உறுதி" என்று தொடங்கிவிட்டான். கொண்ட கொள்கை மாறும், கொள்கைக்காரன் மாறமாட்டான்.

ஆகவே, அன்பரே, ராசப்பனைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. நானும் சிரித்தேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "நான் இவனைப் போல இல்லை; நான் விட்டது ராத்திரிச் சோற்றை மட்டும்தான், அதுவும் எதற்காக என்றால்..." என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.