ஜெல் டாக்டர் துடைத்துவிட்டால்

திண்டிவனத்தில் ஜெல் டாக்டர் தொடாத கன்னம் கிடையாது. வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கும் சென்டர்தான் அவருடையது. மனிதருக்கு மோகம் முழுக்கத் தாடை மேல். டீ குடிக்க இறங்கினாலும் மாஸ்டரின் கன்னத்தை உற்றுப் பார்த்து, "மேல வாய்யா, ஒரு படம் பாத்துரலாம்" என்பார். அதற்குப் பயந்தே அந்தக் கடையில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

சென்டருக்குக் கீழே எங்கள் பத்திரிகையின் நிருபர் அறை. அதனால் எல்லாம் காதில் விழும்.

விழுப்புரம் பல் டாக்டர்கள் அவரிடம் ஆள் அனுப்புவார்கள். பல் வேரடியில் கட்டி வளர்ந்து எலும்பு மெலிந்துவிட்டால், ஸ்கேனின் ஒலி உள்ளே புகுந்துவிடும். நீர் என்றால் திரையில் கறுப்பு. சதைக்கட்டி என்றால் சாம்பல். ரத்தம் ஓடினால் அதில் சிவப்பும் நீலமும் மினுங்கும். "எக்ஸ்ரே ஓட்டையக் காட்டும். உள்ள யாரு குடியிருக்கான்னு இதுதான் சொல்லும்" என்பார்.

மிஷின் சொல்லும்; அவர் சொல்லமாட்டார். வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டத்துக்காக முகத்தைக் கல்லாக்கிப் பழகியவர். அந்தப் பழக்கம் கன்னத்துக்கும் தொற்றிவிட்டது.

கர்ப்பிணிகளுக்கு நடுவில் துண்டால் கன்னத்தை மூடி உட்கார்ந்திருந்து உள்ளே போன ஒலக்கூர் மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருநாள் பொங்கிவிட்டார்.

"போர்டுல போட்டுக்கீற மாதிரி ஆணா பொண்ணான்னா கேக்குறேன்? தண்ணியா கட்டியான்னு சொல்லு சார்!"

"அனுப்பின டாக்டர் சொல்லுவாரு. அடுத்த ஆளு!"

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

வெளியே ஒரு கர்ப்பிணி சிரித்த சிரிப்பில் அவள் மாமியார் பயந்துபோனார்.

ஆனால் ஊர் கண்டுபிடித்துவிட்டது. பயமில்லை என்றால் டிஷ்யூவைத் தூக்கிப்போட்டு, "தொடச்சிக்கோ" என்று விரட்டுவார். விஷயம் மோசம் என்றால் ஸ்கேனுக்குத் தடவிய ஜெல்லை அவரே துடைத்துவிடுவார், காது மடல் வரை, மெதுவாக. விரட்டப்பட்டவர்கள் பரிசு வாங்கியதுபோல் படியிறங்குவார்கள். இந்த ரகசியம் வெளியானது அவருக்கு மட்டும் தெரியாது.

அவருடைய இடது தாடை வீங்கியதை முதலில் பார்த்தவர் டீ மாஸ்டர்.

"டாக்டரே, கன்னம் பன்னு மாதிரி கீது. மேல போயி ஒரு படம் பாத்துரலாமா?"

"ஞானப்பல்லுய்யா. டீயப் போடு."

அறுபதை நெருங்குபவருக்கு முளைக்கும் ஞானப்பல்லை யாரும் நம்பவில்லை. லவங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டே மழைக்காலத்தை ஓட்டினார். ஊர்க் கன்னத்தில் எல்லாம் வைத்த கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வீணாய்ப் போன அந்த மாதங்கள் இன்றும் உறுத்துகின்றன.

பொங்கல் முடிந்த ஒரு காலையில் பேப்பர் கொடுக்க மேலே போனேன். தனியாக உட்கார்ந்து, தன் கன்னத்தில் கருவியை அழுத்தியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம். நடுவே சிவப்பும் நீலமும்.

"என்னா டாக்டர் அது?"

முகம் கல்லாகவே இருந்தது. "அனுப்பின ஆளு கேட்டா சொல்லிக்கலாம்."

"உங்கள யாரு அனுப்புனது?"

"டீ மாஸ்டரு."

சிரிக்க முயன்றேன். ஜெல் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. டிஷ்யூ பெட்டி பக்கத்திலேயே இருந்தும் அவர் கை நகரவில்லை. நான் இரண்டு தாள் உருவித் துடைத்துவிட்டேன், காது மடல் வரை.

அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கும் தெரியுமாய்யா?"

"திண்டிவனத்துக்கே தெரியும் டாக்டர்."

ஜெல் எப்போதோ போய்விட்டது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.